இடுப்பெலும்பு கூடுகிற வரை

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் டீச்சரும் எப்படி இருக்கிறீர்கள்? கட்டின மனைவியை நீயே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாய். எனக்கும் அப்படியே எழுத வருகிறது.

மாதம் இரண்டு கடிதம் போடுகிறவன் ஐந்து வாரமாக ஒரு வரி போடவில்லை. போன் பண்ணலாமே என்று டீச்சர் சொல்வாள். இந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்று என் காது மந்தமாகிவிட்டது அவளுக்குத் தெரியாது. போன வருடம் நீ போனில் "பெரிய வேலை ஒண்ணு முடிஞ்சிடுச்சு" என்றாய். எனக்கு "வேலை போயிடுச்சு" என்று கேட்டது. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. அதனால் நமக்குக் கடிதம்தான் சரி.

இங்கே காய்ச்சல் காலம். எல்லா வார்டும் நிரம்பி வழிகிறது, படுக்கை விரிப்பு மலைபோல் வருகிறது. மாமாவுக்கும் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் இடுப்பொடிய வேலை.

ஒல்லி, உனக்கு ஒன்றுமில்லையே? இரண்டு வரி போதும். போடு.

உன் நினைவாகவே இருக்கும்
அக்கா



பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். படுத்தபடி எழுதுகிறேன், அதனால் எழுத்தெல்லாம் படுத்திருக்கிறது. முதல் விஷயம், நான் உயிரோடு இருக்கிறேன். ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துகொள். பிறகு மீதியைப் படி.

ஜனவரி எட்டாம் தேதி ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றுக்கு நானும் மேஸ்திரியும் மாதாந்திரச் சரிபார்ப்புக்குப் போனோம். நாலாவது மாடி லிப்ட் கதவின் பூட்டு சரியாக விழவில்லை. சாவி போட்டுத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். லிப்ட் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்று நினைப்பு. மேஸ்திரி அதை இரண்டாவது மாடிக்கு இறக்கியிருந்தார். இறக்குகிறேன் என்று குரல் கொடுத்தாராம், நானும் "சரிண்ணே" என்றேனாம். டார்ச்சை எடுக்கத் திரும்பி ஒரு அடி பின்னால் வைத்தேன். அங்கே தரை இல்லை.

"காலை வைக்குமுன் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கவும்" என்று ஊர் முழுக்கப் பலகை மாட்டுகிறவன் நான். சிரிக்காதே.

பன்னிரண்டு அடிதான். பெட்டியின் கூரைமேல் ஒரு இரும்புச் சட்டம் உண்டு. அதன்மேல் விழுந்தேன். மேஸ்திரி இறங்கி வந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "பேசு, கத்து, அழு, என்ன வேணா பண்ணு. ஆனா இடுப்பை மட்டும் ஆட்டாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர் அகலமான பெல்ட் ஒன்றை இடுப்பைச் சுற்றி இறுக்கினார். அந்தக் கட்டுதான் உயிரைப் பிடித்து வைத்தது என்றார் டாக்டர். இடுப்பெலும்பு ஒரு வளையமாம். "வளையல் ஒரு இடத்துல மட்டும் உடைஞ்சு பாத்திருக்கீங்களா? ரெண்டு மூணு இடத்துலதான் விடும்" என்றார். எனக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. வளையம் விரிந்துவிட்டால் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே கொட்டிக்கொண்டிருக்குமாம். நாலு பாட்டில் ஏற்றினார்கள்.

பின்னால் ஒரு நீளத் திருகாணி போட்டிருக்கிறார்கள். முன்னால் இரண்டு பக்கமும் எலும்புக்குள் கம்பி இறக்கி, வெளியே குறுக்காக ஒரு சட்டம் பூட்டியிருக்கிறார்கள். பார்த்தால் நம் லிப்ட் உள்ளே இருக்கும் கைப்பிடி மாதிரியே இருக்கும். டீச்சர் ஒரு நாள் அதில் துண்டு காயப்போட்டுவிட்டாள். மூன்று மாதம் கால் தரையில் படக்கூடாது.

மற்றபடி ஒன்றுமில்லை. கவலைப்படாதே. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி



மார்ச் 2

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று நானும் நலமில்லை, மாமாவும் நலமில்லை. இப்போதுதான் தெளிந்து எழுத உட்கார்ந்தேன். நாற்காலி பார்த்து உட்காரச் சொன்னாய். துணி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கூட வேலை பார்க்கிறவள் வந்து தூக்கிவிட்டாள்.

உடனே புறப்பட்டு வரத்தான் மனசு. ஆனால் ஒப்பந்தப்படி அடுத்த வருடம்வரை எனக்கு விடுப்பு கிடையாது. மேலாளரிடம் கேட்டேன். அவர் பேசியது காதில் விழவில்லை, தலை ஆடியது கண்ணில் விழுந்தது. அம்மா போனபோது உனக்கு நாலு வயசு, எனக்குப் பதினைந்து. அன்றிலிருந்து நான் இங்கே வேலைக்கு வரும்வரை உனக்கு ஒரு சிராய்ப்பு என்றாலும் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். இப்போது இத்தனை பெரிய அடிக்குக் காகிதத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் எழுது. புரட்டிப் படுக்க வைக்கிறார்களா? முதுகில் புண் வந்திருக்கிறதா? கெண்டைக்கால் வீங்கியிருக்கிறதா? படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறும் என்று இங்கே பயப்படுகிறார்கள். கால் எங்கேயாவது மரத்துப்போகிறதா? ஒண்ணுக்கு எப்படிப் போகிறாய்? சிவப்பாகப் போகிறதா? வயிறு ஒழுங்காகப் போகிறதா? ராத்திரி தூக்கம் உண்டா?

ஏன் இத்தனை கேட்கிறேன் என்றால், ஒவ்வொரு வார்டுத் துணியும் தனித்தனி மூட்டையாகத்தான் எங்களிடம் வரும். எந்த வார்டில் என்ன கஷ்டம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, விரிப்பே சொல்லிவிடும்.

டீச்சர் சாப்பிடுகிறாளா? இந்தத் தடவை அவள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே.

உனக்குப் பதில் எனக்கு வந்திருக்கக் கூடாதா என்று நினைக்கும்
அக்கா



மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமென்று நம்புகிறேன். நான் ஒவ்வொரு நாளும் தேறி வருகிறேன்.

உன் கேள்விகளுக்குப் பதில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாலு பேர் சேர்ந்து, மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே வீச்சாகத் திருப்புகிறார்கள். முதுகில் புண் இல்லை. கெண்டைக்கால் வீக்கம் இல்லை, ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி குத்துகிறார்கள். இடது கால் சுண்டுவிரல் பக்கம் மரத்திருந்தது, இப்போது எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. எறும்பு வந்தால் நரம்பு வருகிறது என்று அர்த்தமாம். வயிறு போகிறது. தூக்கம் சுமார். பக்கத்துக் கட்டிலில் ஒரு தபால்காரர், கால் முறிந்து கிடக்கிறார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கடிதத்தைச் சுமந்தவருக்கு ஒரு கடிதமும் வருவதில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்கிறார். பாதியைத்தான் படித்தேன்.

போன வாரம் முன்பக்கக் கம்பியைக் கழற்றிவிட்டார்கள். படம் பிடித்துப் பார்த்து, எலும்பு நன்றாகக் கூடுகிறது என்றார்கள். அடுத்த வாரம் வீடு. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிப்ட்காரன் வீட்டில் லிப்ட் இல்லை. மேஸ்திரியும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு தூக்கிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சருக்குத் தேர்வு நேரம். விடைத்தாள் திருத்தவே பொழுது போதவில்லை. கொஞ்ச நாள் அவள் அம்மா வீட்டில் இருப்பது அவளுக்கும் நல்லது என்று நினைக்கிறேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். திருப்தியா?

உன்
ஒல்லி



ஏப்ரல் 11

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். இது நானாக உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

நான் பத்து நாளாக அம்மா வீட்டில் இருக்கிறேன். தேர்வு முடிந்து விடுமுறையே விட்டுவிட்டார்கள், அண்ணி. விடைத்தாள் எல்லாம் சாக்கு.

அவர் உங்களுக்கு எழுதினாரோ என்னவோ தெரியாது. விழுந்த அன்று அவரால் சிறுநீர் கழிக்க முடியவில்லை. நுனியில் ரத்தம் மட்டும் வந்தது. உடைந்த எலும்பு விலகியதில் சிறுநீர்ப் பாதை அறுந்துவிட்டதாம். அடிவயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அது ஒரு பையில் போய் வடிகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்துவிட்டேன். தலையில் மூன்று தையல். அவரைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அப்புறம் தேறிக்கொண்டேன். கம்பியைச் சுற்றித் துடைக்கவும், அவரைத் திருப்பவும் எல்லாம் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தப் பையை மட்டும் என்னைத் தொட விட்டதில்லை. மேஸ்திரி அண்ணன்தான் வந்து மாற்றுகிறார். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் டாக்டர் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று என்னை வெளியே இருக்கச் சொன்னார். கால் மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. நான் திரும்பி உள்ளே போனபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், "நீ உங்க அம்மா வீட்டுக்குப் போ. உனக்கு இருபத்தாறு வயசுதான் ஆகுது" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பெட்டியை எடுத்து வைக்கச் சொன்னார்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் வளர்த்த பிள்ளை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பணிவுடன்
உங்கள் தம்பி மனைவி



மே 2

அன்புத் தம்பிக்கு,

மாமாவும் நானும் சுகம். நீ சுகமில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் போன கடிதத்தை நாலு தடவை படித்தேன். புண், வீக்கம், மரப்பு, வயிறு, தூக்கம் என்று வரிசையாகப் பதில் எழுதிக்கொண்டே வந்தவன் ஒரு கேள்வியை மட்டும் தாண்டிக் குதித்திருக்கிறாய். நீ சின்னப் பிள்ளையில் பொய் சொல்ல மாட்டாய். ஆனால் கண்ணாடி உடைத்த அன்று கண்ணாடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாய்.

சிறுநீர் வார்டின் தலைமை நர்ஸ் துணிக்கணக்குப் பார்க்க எங்களிடம் வருவாள். அவளை உட்கார வைத்து, உரக்கப் பேசச் சொல்லி, எல்லாம் கேட்டேன். சலவைக்கூடமே கேட்டது. கேட்கட்டும். காது கேட்காதவளுக்கு வெட்கமும் கொஞ்சம் கம்மி.

இடுப்பு முறியும்போது ஆண்களுக்கு அந்தப் பாதை அறுந்துபோவது உண்டாம். வயிற்றில் குழாய் போட்டு, மூன்று நாலு மாதம் காயம் ஆறவிட்டு, பிறகு அறுந்த இரண்டு நுனியையும் சேர்த்துத் தைப்பார்களாம். அதற்கென்று கைதேர்ந்த டாக்டர் செய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடுமாம். இதுவரை தைரியமாக எழுதிவிட்டேன்.

இனி எழுதப்போவதை ஒரு அக்கா தம்பிக்கு எழுதக்கூடாது. ஆனால் அம்மா இல்லை, அண்ணன் இல்லை. நான்தான் எழுத வேண்டும். ஆம்பளைகளுக்கு அந்த நரம்பும் ரத்த ஓட்டமும் அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறதாம். அடிபட்டால் அது தூங்கிப்போகுமாம். செத்துப்போய்விட்டது என்று அர்த்தமில்லையாம். சிலருக்கு ஆறு மாதத்தில் விழிக்கும், சிலருக்கு இரண்டு வருடம் ஆகும், சிலருக்கு மருந்து வேண்டும். சிலருக்குப் பழையபடி வராமலும் போகும், அதற்கும் வழிகள் இருக்கின்றன என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு எந்த டாக்டரும் சொல்லக்கூடியது இதுதான். நீ அதில் கடைசி வரியை மட்டும் காதில் வாங்கியிருப்பாய்.

இப்போது என் கதை ஒன்று. ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள், உனக்குத் தெரியும். அதன்பிறகு என் உடம்பு எனக்கே அந்நியமாகிவிட்டது. இது உனக்குத் தெரியாது. மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல் தனியாகப் படுக்கத் தொடங்கினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் தினம் வேலை முடிந்து வந்து ஒரு தடவை குளிக்கிறவர், இரண்டு தடவை குளிக்க ஆரம்பித்தார். பிறகு விரல்களை எலுமிச்சம்பழத்தோல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நான் ஏதோ கிறுக்கு என்று நினைத்தேன். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் தலைகுனிந்தபடி கேட்டார்: "இன்னும் என் மேல வெங்காய வாசம் அடிக்குதா?"

ஒரு வருடம்டா, ஒல்லி. தினம் இரண்டு மூட்டை வெங்காயம் உரிக்கிற மனுஷன், அந்த வாசத்தால்தான் நான் ஒதுங்கிப் படுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தோல் உரியத் தேய்த்திருக்கிறார். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நாம் சொல்லாமல் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவர் சும்மா விட்டுவைக்க மாட்டார். தன்மேல் ஒரு குற்றத்தைக் கொண்டுவந்து அங்கே வைத்துக்கொள்வார். டீச்சர் இப்போது எதை வைத்துக்கொண்டு இருக்கிறாளோ. அவளிடம் பேசு.

உன்னைக் குளிப்பாட்டி வளர்த்த
அக்கா



மே 24

அக்காவுக்கு,

நலம்.

எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. வாக்கர் வைத்து நிற்கிறேன்.

என் குடும்ப விஷயத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துத் துவைக்க வேண்டாம். இனி இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால் எனக்குக் கடிதமே வேண்டாம்.

தம்பி



ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

இதைப் பற்றி எழுதினால் வேண்டாம் என்றாய். அதனால் வேறு எழுதுகிறேன். பெரிய இஸ்திரி உருளை ஒன்று பழுதாகிவிட்டது. மூன்று நாள் விரிப்புகளைக் கையால் மடித்தோம். சரிபார்க்க வந்த மெக்கானிக் உன்னை மாதிரியே ஒல்லி. குனிந்து பின்பக்கம் கையை விட்டான். "பாத்துப்பா, பாத்து" என்று நான் போட்ட கூச்சலில் பயந்து, திருப்புளியைக் காலில் போட்டுக்கொண்டான். மாமாவுக்குக் கண்ணாடி மாற்றினோம். சாப்பாட்டில் கல் இருப்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது.

வேறு விசேஷம் இல்லை. நிற்கிறேன் என்று எழுதினாய். அந்த ஒரு வரியை மாமாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

அக்கா



ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் நலமா? நான் நலம் என்று எழுதினால் இந்தத் தடவை அதில் முக்கால்வாசி உண்மை.

என் மே மாதக் கடிதத்தை மறந்துவிடு. நீ எழுதிய ஒவ்வொரு வரியும் டாக்டர் சொன்னதுதான். கடைசி வரியை மட்டும் காதில் வாங்கியிருப்பேன் என்றாயே, அதுவும் சரி. அதுதான் எனக்குக் கோபம். கிழித்துப்போட எடுத்தேன், கை வரவில்லை. தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

போன மாதம் மேஸ்திரி வெளியூர் வேலைக்குப் போய்விட்டார். பையை நானே மாற்றிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பினேன். அது சின்ன வேலைதான், வாக்கரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பை நழுவி, கழன்று, தரையெல்லாம் ஓடிவிட்டது. துடைக்கக் குனிய முடியவில்லை. நனைந்த லுங்கியோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது பார்த்துக் கதவு தட்டுகிற சத்தம்.

"யாரு?"

"நான்தான். கதவைத் திறங்க."

"இப்ப வேணாம். நீ போ."

"எங்க போறது? மூணு மாடி ஏறி வந்திருக்கேன். மூச்சு வாங்குது. திறங்க."

"சொன்னா கேளு. அப்புறம் வா."

டீச்சர் போய்விட்டாள் என்று நினைத்தேன். பிறகு கதவுக்குப் பக்கத்தில், தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அன்னிக்கு நான் மயங்கி விழுந்தேன்ல, அதனாலதானே? இவளை நம்பி எப்படி இருக்கறதுன்னுதானே அனுப்பிட்டீங்க? இப்ப நான் மயங்க மாட்டேங்க. நர்ஸ்கிட்ட பையை மாத்தக் கத்துக்கிட்டேன். வேணும்னா வச்சுப் பாருங்க."

அக்கா, எனக்கு உடனே மாமாவின் விரல்கள் ஞாபகம் வந்தன. நாலு மாதமாக அவள் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கதவைத் திறந்தேன்.

அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, முதலில் என்னைத் துடைத்து உட்கார வைத்தாள், பிறகு பை, பிறகு தரை. எல்லாம் முடிந்து கை கழுவி வந்தபிறகு, என் வாயால் சொல்ல முடியாததால் உன் மே மாதக் கடிதத்தைத் தலையணையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பாதியில் உட்கார்ந்தாள். வெங்காயம் வந்த இடத்தில் சிரித்தாள், அழுதாள். எது முதலில் என்று சொல்ல முடியவில்லை.

படித்து முடித்ததும் பார்க்க வேண்டுமே அவள் கோபத்தை. "எனக்கு என்ன வேணும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா? நான் என்ன ரெண்டாங்கிளாஸ் புள்ளையா, நீங்க லீவு விட்டு வீட்டுக்கு அனுப்ப? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ பரிதாபப்பட்டு இருந்துடுவேன்னு பயம்" என்றேன்.

"பரிதாபம் எல்லாம் உங்க எலும்புக்கு. உங்க மேல எனக்கு இப்ப கோபம்தான் இருக்கு. அதுக்காகவே இருக்கப்போறேன்" என்றாள். சாயங்காலம் அவள் தம்பி பெட்டியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான்.

இப்போது ஒரு கைத்தடியோடு மாடிப்படி ஏறி இறங்குகிறேன். ஈரமான நாளில் பின்பக்கம் வலிக்கிறது. பாதையைத் தைக்கிற ஆபரேஷன் செப்டம்பரில். சலவைக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

மன்னிப்புக் கேட்கத் தெரியாத
ஒல்லி



செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் அண்ணனுக்கும் என் வணக்கம். அவசரமாக நாலு வரி. நேற்று ஆபரேஷன் முடிந்தது. ஐந்து மணி நேரம். நடுவில் இருந்த தழும்பை எடுத்துவிட்டு இரண்டு நுனியையும் இழுவை இல்லாமல் சேர்த்துவிட்டதாக டாக்டர் சொன்னார். மூன்று வாரம் உள்ளே ஒரு குழாய் இருக்கும். அதை எடுத்த பிறகுதான் தெரியும். காலையில் கண் விழித்ததும் "அக்காவுக்கு எழுதினியா?" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன். நான் மயங்கவில்லை.

உங்கள்
டீச்சர்



அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நீங்கள் இருவரும் நலம்தானே? நான் சொல்வதைக் கேள்.

முந்தாநாள் காலை குழாயை எடுத்தார்கள். நர்ஸ் ஒரு பெரிய ஜாடித் தண்ணீரை நீட்டி, "முழுசும் குடிங்க. முட்டினதும் போய்ப் பாருங்க" என்றாள். குடித்தேன். பத்து மணிக்கு முட்டியது. கழிவறைக்குள் போய் நின்றேன். டீச்சர் கதவுக்கு வெளியே.

"வந்துச்சா?"

"இரு."

ஒன்பது மாதமாகச் செய்யாத வேலை. எப்படிச் செய்வது என்று உடம்புக்கே மறந்துவிட்டது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்கச் செய்தேன். சுவரில் கை வைத்துக்கொண்டு ஒன்று இரண்டு எண்ணினேன்.

"வந்துச்சாங்க?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தா எப்படி வரும்?"

"சரி, நான் கேக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "தபால்காரர் கேக்கச் சொல்றாரு" என்றாள். அவரும் அன்று முறிந்த காலை டாக்டரிடம் காட்ட வந்திருந்தார். வார்டில் பாதிப் பேர் கதவுக்கு வெளியே நிற்பது எனக்குத் தெரியாது.

முதலில் எரிந்தது. இரண்டு சொட்டு. நின்றுவிட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். பிறகு வந்தது, அக்கா. மெல்லிய நூல் மாதிரி வந்து, நடுவில் ஒருமுறை தயங்கி, பிறகு நிற்காமல் வந்தது. இத்தனை நாள் ஒரு பையில் பார்த்ததை என் உடம்பிலிருந்து விழும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சத்தம் வெளியேயும் கேட்டிருக்கிறது. டீச்சர் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுகிற அழுகையில் ஆபரேஷன் தோற்றுப்போய்விட்டது என்று நினைத்து நர்ஸ் டாக்டரைக் கூட்டிவர ஓடிவிட்டாள். டாக்டர் மூச்சிரைக்க வந்து கதவைத் தட்ட, நான் உள்ளேயிருந்து, "சார், இருங்க, இன்னும் முடியல" என்றேன். வார்டே சிரித்தது. தபால்காரர் ஊன்றுகோலால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

நேற்று எலும்பு டாக்டரும் பார்த்தார். வளையம் முழுசாகக் கூடிவிட்டது, தை மாதத்துக்கு மேல் வேலைக்குப் போகலாம், முதலில் உயரம் ஏறாத வேலை என்றார்.

நீ கேட்காமல் விட்ட இன்னொரு விஷயம். உன்னிடம் இனி எதையும் தாண்டிக் குதிக்கப்போவதில்லை. அது இன்னும் பழையபடி ஆகவில்லை. சில நாள் நம்பிக்கை வருகிறது, சில நாள் இல்லை. இந்தத் தடவை டாக்டர் பேசுவதற்கு முன் கதவைச் சாத்த எழுந்தார். "சார், என் மனைவியும் இருக்கட்டும்" என்றேன். அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாத்திரை எழுதிக் கொடுத்து, "இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கணும். சொல்றதுக்கு இல்ல" என்றார் டாக்டர். நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர், "பாக்கலாம் சார். எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றாள்.

எங்களுக்கு என்றாள், அக்கா.

அன்புடன்
உன் தம்பி